ஒரு வார்த்தை அழுத்திக் கேட்டால்

லிந்துலை பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே இருக்கும் கொமினிகேசன் கடையில் நான் டைப் அடிக்கிறேன். போட்டோக் கொப்பி எடுக்கிறோம், போன் கார்ட் விற்கிறோம், விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறோம். இவை எல்லாவற்றையும் விட அதிகமாகச் சத்தியக் கடதாசி அடிக்கிறோம். அடையாள அட்டை தொலைந்து போனாலும் சத்தியக் கடதாசிதான், பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரியும் பள்ளிக்கூடத்தில் இன்னொரு மாதிரியும் இருந்தாலும் சத்தியக் கடதாசிதான். எதுவானாலும் கடைசியில் ஒரே வசனம் வரும். எவருடைய வற்புறுத்தலும் தூண்டுதலும் இன்றி, என் சுய விருப்பத்தின் பேரில்.

"அந்த வசனத்தச் சேவ் பண்ணி வச்சுக்கிட்டு ஒட்டிரலாமே புள்ள. ஒவ்வொரு தடவயும் எதுக்கு அடிக்கிற?" என்று முதலாளி நானா கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் நான் ஒவ்வொரு தடவையும் அடிக்கிறேன். 'வற்புறுத்தலும்' என்று வரும்போது விரல் ஒரு நொடி நின்றுதான் போகும். அந்தச் சொல்லுக்கு என் மனசில் ஒரு முகம் இருக்கிறது. ஆறாம் காம்பரா அத்தையின் முகம்.

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் ஒரே வரிசையாகப் பன்னிரண்டு காம்பராக்கள், காம்பராவுக்கு ஒரு குடும்பம். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் எங்களுக்கு இல்லை. நாலாம் காம்பரா மாமா, ஒன்பதாம் காம்பரா சித்தி, இப்படித்தான். நாங்கள் ஐந்தாம் காம்பரா. அத்தை அடுத்த சுவர். அவர் அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் எங்கள் அம்மா, "மல்லித்தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்பார். சொந்தத்தில் அத்தை இல்லை. என் அப்பாவை அண்ணே என்று கூப்பிட்டதால் எனக்கு அத்தை.

அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய வீடு ஒன்று கிடைக்காமல் போனது. அதில் எனக்குப் பங்கு உண்டு. எதைச் சொல்லத் தொடங்கினாலும் நான் அங்கேதான் வந்து நிற்கப்போகிறேன் என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

அத்தையிடம் வேண்டாம் என்று சொல்லி யாரும் தப்பியதில்லை. உயரம் குறைவு, குரலும் பெரிதில்லை. சண்டைக்கு நிற்க மாட்டார். வாசற்படியில் வந்து உட்காருவார். முந்தானையை இழுத்து முழங்காலை மூடிக்கொள்வார். பிறகு கேட்பார். நீங்கள் மறுத்தால், "சரி" என்பார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றியோ கணக்கப்பிள்ளையின் புது மோட்டார் சைக்கிளைப் பற்றியோ பேசுவார். திரும்பவும் அதையே கேட்பார். இரண்டாவது மறுப்புக்கும் "சரி"தான். மூன்றாவது தடவை கேட்கும்போது தலையைச் சாய்த்து முகத்தை நேராகப் பார்ப்பார். அப்போது மறுக்க முடிந்த ஆளை நான் பார்த்ததில்லை.

இதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'அழுத்திக் கேட்கிறது'. "ஒரு வார்த்த அழுத்திக் கேக்காட்டி அது கேட்டதாகுமா?" என்பார். அவர் கணக்கில் முதல் வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவது வெட்கத்துக்கு. மூன்றாவதாக வருவதுதான் பேச்சு. அப்பாவுக்கு அவர்மேல் பிரியம் இருந்தாலும், "அரிச்சுப்புடுவா" என்றுதான் சொல்வார். ஒன்பதாம் காம்பராச் சித்தி அதற்கே அக்கறை என்று பெயர் வைத்திருந்தார். தோட்டத்துத் தொரை ஒருமுறை, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோருக்கும் கேட்க, தொல்லை என்றார். மழைக்குப் போர்த்திக்கொள்ளச் சாக்கு கேட்டு மூன்று நாள் காலையில் வரிசையாக அவர் முன்னால் போய் நின்றிருந்தார் அத்தை. மூன்றாவது நாள் சாக்கு வந்தது.

இதில் அத்தையை மட்டும் தனியாகக் குறை சொல்ல முடியாது. லயம் முழுக்க அப்படித்தான் வளர்ந்தோம். எனக்கு ஏழு எட்டு வயது இருக்கும்போது அத்தை ரொட்டி சுட்டு, "சாப்பிடுறியா?" என்று கேட்டார். நான் உடனே கையை நீட்டிவிட்டேன். அம்மா காம்பராவுக்குள் கூட்டிப்போய்த் தொடையில் கிள்ளினார். "கேட்ட ஒடனேயா வாங்குவ? வேணாங்க, இப்பத்தான் சாப்பிட்டேன்னு சொல்லணும்."

"பசிக்குதும்மா."

"அதுக்குத்தான் அவங்க திரும்பக் கேப்பாங்கள்ள."

எங்களுடைய ஏற்பாடு அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்வது வாங்குகிறவர் கடமை, விடாமல் கேட்பது கொடுக்கிறவர் கடமை. இரண்டு பேரும் ஒழுங்காகச் செய்தால் ரொட்டி வயிற்றுக்குப் போகும். ஒருவர் பாதியில் நிறுத்திவிட்டால் மற்றவர் பசியோடு எழுந்து போவார். வெளியில் சொல்லவும் மாட்டார்.

அத்தை தன் கடமையைக் கொஞ்சம் கூடுதலாகவே செய்தார். ஒரு தீபாவளிக்கு, புடவை மூட்டையோடு லயத்துக்கு வந்த துணிக்கடை நானாவை உட்கார வைத்து முறுக்கும் பயத்தம் பணியாரமும் தட்டில் வைத்து நீட்டினார். அவருக்கு அது நோன்பு மாதம். "வேணாங்கம்மா" என்றார். அத்தை இரண்டாம் தடவை கேட்டார், மூன்றாம் தடவையும் கேட்டார். நானா காரணம் சொல்லவில்லை. தட்டிலிருந்ததை அப்படியே பேப்பரில் சுற்றித் தரச் சொன்னார். "வீட்டுல போயி பிள்ளைங்களோட சாப்பிடுறேன்" என்று வாங்கிக்கொண்டு போனார். மறுநாள்தான் யாரோ அத்தைக்கு நோன்பைப் பற்றிச் சொன்னார்கள். அன்று முழுக்க அவர் தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த முறை நானா வந்தபோது மன்னிப்புக் கேட்டுவிட்டு, மன்னிப்போடு சேர்த்துத் தேத்தண்ணி வேண்டுமா என்றும் மூன்று தடவை கேட்டார்.

சிரிப்பாக இருக்கிறது. ஆனால் நாலாம் காம்பரா மாமா இன்று உயிரோடு இருப்பதும் இதே தொல்லையால்தான். மலையில் மருந்தடிக்கும்போது குளவி கொட்டி முகம் வீங்கி வந்தார். ஒன்றுமில்லை, சுண்ணாம்பு தடவினால் போதும் என்று சுருண்டு படுத்துவிட்டார். அவர் மனைவி கெஞ்சினார். தோட்டத் தலைவர் வந்து திட்டினார். அத்தை வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். மூன்றாவது தடவை மாமா எழுந்தார். கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் மூச்சே நின்றிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

எனக்குச் சிங்களம் வந்ததும் அத்தையால்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் டவுனில் ஒரு டீச்சர் சிங்களம் சொல்லிக்கொடுத்தார். ஞாயிறு எனக்குத் தூங்குகிற நாள். முடியாது என்றேன். "பாப்பா, நம்ம ஆளுங்க கவர்மெண்டு கந்தோருக்குப் போனா வாய் இல்லாதவங்க மாதிரி நிக்கிறோம். நீ பேசுனா நாங்க ஒம் பின்னாடி நிப்போம்ல" என்றார் அத்தை. இரண்டு தடவை மறுத்தேன். மூன்றாவது தடவை போனேன். போய்க்கொண்டே இருந்தேன். இப்போது எனக்குச் சிங்களத்தில் கனவுகூட வருகிறது.

இவ்வளவு நல்லது செய்தவர்மேல் எனக்கு என்ன கோபம்? அக்காவின் கல்யாணம்தான்.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். எங்கள் லயத்தில் உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்த முதல் பெண். ஆசிரியர் நியமனப் பரீட்சைக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து அத்தை வட்டகொடைப் பக்கத்து மாப்பிள்ளை ஒருவரைக் கொண்டுவந்தார். கொழும்பில் கடை வேலை. அவர் அம்மாவோடு வந்து எங்கள் காம்பராவில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவர்கள் போன பிறகு அத்தை அக்காவிடம் கேட்டார். "இப்ப வேணாத்தை" என்றாள். இரண்டு நாள் கழித்துக் கேட்டார். "பரீட்ச எழுதணும்" என்றாள். வெள்ளிக்கிழமை கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, கூடையைக்கூட இறக்காமல் வந்து வாசலில் நின்று கேட்டார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்தாள். "சரின்னுட்டா" என்று அத்தை அடுப்படிப் பக்கம் திரும்பி அம்மாவிடம் சொன்னார்.

அப்போது எனக்குப் பதினைந்து வயது. அக்காவின் புத்தகங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் குனிந்த தலையைத்தான் பார்த்தேன். பரீட்சைக்கு அனுமதி அட்டை வந்தபோது அவள் கொழும்பில் இருந்தாள், எழுத வரவில்லை. அந்த அட்டையை நான் பல வருஷம் என் பெட்டியில் வைத்திருந்தேன். அத்தையோடு பேசுவேன், சிரிப்பேன், அவர் கொடுத்த தேத்தண்ணியைக் குடிப்பேன். உள்ளே ஒரு மூலையில் அந்த அட்டை கிடக்கும். அவர் யாரையாவது மூன்றாவது தடவை கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரியும். ஒரு மனுசி வேண்டாம் என்றால் வேண்டாம்தானே, அதற்குமேல் என்ன கேள்வி என்று பல்லைக் கடிப்பேன்.

பிறகு தனி வீட்டுப் பேச்சு வந்தது.

எங்கள் லயம் மிகப் பழையது. கூரைத் தகரத்துக்குமேல் கல் வைத்துத்தான் குடியிருந்தோம். கீழ் டிவிசனில் மைதானத்துக்குப் பக்கத்தில் ஆளுக்கு ஒரு துண்டுக் காணியில் தனித்தனி வீடு கட்டித் தரப்போவதாகச் சொன்னார்கள். சொந்தப் பெயரில் காணி உறுதிப் பத்திரம். தனிக் கதவு, தனிக் கக்கூஸ், அடுத்த வீட்டு இருமல் கேட்காத சுவர். பட்டியல் எடுக்க நுவரெலியாவிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தோட்டத் தலைவர் கடைக்கே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

எனக்குப் பெருமைதான். பொய் சொல்வானேன். அந்த அதிகாரியின் கந்தோரில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு நான் விண்ணப்பம் போட்டிருந்தேன். நல்ல சிங்களத்தை அந்த ஐயாவின் காதில் போடக் கிடைத்த சந்தர்ப்பம். மழை பிசுபிசுத்த ஒரு பிற்பகல். முதல் காம்பராவிலிருந்து தொடங்கினோம். புது வீடு கிடைத்தால் லயக் காம்பராவைக் கையளித்துவிட்டுப் போகச் சம்மதமா, இல்லையா என்பதே கேள்வி. படிவத்தில் இரண்டு கட்டங்கள். தொடங்கும்போதே அந்த ஐயா என்னிடம் சொன்னார், யாரையும் வற்புறுத்தக் கூடாது, அவர்கள் சொல்வதை அப்படியே சொல்லுங்கள் என்று. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. படித்த மனுசர் என்று நினைத்துக்கொண்டேன்.

மற்றக் காம்பராக்களில் பிரச்சினை இல்லை. பிள்ளைகள் உள்ள வீடுகள், கேள்வி முடியும் முன்பே ஆமாம் வந்தது. முதலில், "நமக்கெதுக்குங்க" என்று இழுத்த இரண்டு பேரைத் தலைவரே பின்னாலிருந்து அதட்டினார். எங்கள் அப்பாவும் அதில் ஒருவர். ஐந்தாம் காம்பராவை முடித்தபோது தலைவருக்கு ஒரு போன் வந்தது. அவர் கோடிப்பக்கம் போய்விட்டார். ஆறாம் காம்பராவுக்கு நானும் அதிகாரியும் மட்டும் போனோம்.

அத்தை முதலில் அவருக்கு நாற்காலி போட்டார். பிறகு தேத்தண்ணி. அவர் வேண்டாம் என்று கையசைத்தார். அத்தை விடவில்லை. மூன்றாவது தடவை அவர் சிரித்துக்கொண்டே வாங்கினார். அத்தைக்கு முகமெல்லாம் மலர்ந்தது. நான் கேள்வியைக் கேட்டேன்.

"எனக்கெதுக்கு பாப்பா வீடு?" என்றார். "அவரு போயிட்டாரு. மகனும் கொழும்புல. ஒத்தக் கட்டைக்கு இந்தக் காம்பராவே போதும். புள்ளகுட்டிக்காரங்களுக்குக் குடுக்கச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு.

அவருக்கு வீடு வேண்டும் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியாமல் இருக்கும்? மைதானத்துக் காணியைப் பார்க்க முதலில் இறங்கிப் போனவர் அவர்தான். எந்த மூலையில் அடுப்பு, எந்தப் பக்கம் கறிவேப்பிலை என்று எங்கள் அம்மாவோடு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே பேசிக்கொண்டிருந்தார். இப்போது சொன்னது முதலாவது வேண்டாம். மரியாதைக்குச் சொல்வது. இன்னும் இரண்டு தடவை நான் கேட்க வேண்டும். அதுதான் என் கடமை.

நான் அதிகாரியின் பக்கம் திரும்பி, "எப்பாலு" என்றேன். வேண்டாமாம். அந்த ஐயா ஏதோ சொன்னார். நான் பதில் சொன்னேன். அவர் இல்லை என்ற கட்டத்தில் அடையாளம் போட்டார். ஏழாம் காம்பராவுக்குப் போனோம்.

பட்டியல் வெளியானபோது அத்தை பெயர் இல்லை. லயமே திகைத்தது. தலைவர் என்னிடம் கேட்டார். அத்தையே வேண்டாம் என்று சொன்னார், அந்த அதிகாரி அவசரப்பட்டு எழுதிவிட்டார், நான் என்ன செய்ய என்றேன். அம்மாவிடமும் அதையே சொன்னேன். எல்லோரும் அந்த அதிகாரியைத் திட்டினார்கள். அத்தை மட்டும் யாரையும் திட்டவில்லை. "நாந்தானே வேணாம்னேன்" என்று சொல்லிவிட்டுக் கொழுந்துக்குப் போனார்.

வீடு கட்டி முடிக்க ஒன்றரை வருஷம் ஆனது. நாங்கள் இறங்கிப் போனோம். பால் காய்ச்சிய அன்று அக்கா கொழும்பிலிருந்து வந்திருந்தாள். ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அத்தை வீடு எது என்று கேட்டாள். அத்தைக்கு வீடு இல்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றேன்.

"அவங்க வேணாம்னா நீ விட்டுருவியா?" என்றாள் அக்கா. "நீ எங்க பொறந்து வளந்தவ?"

எனக்குச் சுருக்கென்றது. அதனால் கோபம் வந்தது. "ஒன்னய அழுத்திக் கேட்டுத்தானே ஒம் பரீட்சய நாசமாக்குனாங்க? அதே மாதிரி நானும் செய்யணுமா?" என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "ஏய் லூசு. எனக்கு அவரப் பாத்த அன்னைக்கே புடிச்சிருச்சு. அதுக்காக மொத தடவையே சரின்னு சொல்லுவாங்களா? அத்தை மூணாவது தடவ வரலேன்னா என்ன பண்றதுன்னு நான் ரெண்டு நாளாத் தூங்கல."

"பரீட்ச?"

"அது எழுதியிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா அத நாசமாக்குனது அத்தை இல்ல. கொழும்புக்குப் போன பெறகு எழுதுன்னு சொல்றதுக்கு அங்க ஒரு ஆள் இல்ல" என்றாள்.

அவள் சொன்னது அன்றைய உண்மையா, பதினைந்து வருஷம் குடும்பம் நடத்திய பிறகு உண்மையாகிப் போனதா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னால் அந்தப் புது வீட்டில் நிம்மதியாக உட்கார முடியவில்லை. பட்டியலில் விடுபட்டவர்கள் மாத முடிவுக்குள் மேன்முறையீடு செய்யலாம் என்று அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். கட்டியதில் இரண்டு வீடு மிச்சம் இருந்தது. அடுத்த வாரம் கடையில் ஒரு கடிதம் அடித்தேன். 'கணக்கெடுப்புக்கு வந்த உத்தியோகத்தர் அவசரம் காரணமாக என்னைச் சரிவர விசாரிக்காமையால்' என்று தொடங்கும் கடிதம். அடுத்த நாள் அதை எடுத்துக்கொண்டு லயத்துக்கு ஏறினேன்.

லயம் இருந்த கோலத்தை நான் எதிர்பார்க்கவில்லை. காலியான காம்பராக்களின் தகரத்தை நிர்வாகம் கழற்றிக்கொண்டு போயிருந்தது. திரும்ப யாரும் வந்து குடியேறிவிடக் கூடாதாம். பதினொரு காம்பராக்களும் வானத்தைப் பார்த்துக் கிடந்தன. எங்கள் ஐந்தாம் காம்பராவுக்குள் மழைத்தண்ணீர் நின்றது. நடுவில் ஆறாம் காம்பராவில் மட்டும் தகரம் இருந்தது, புகை வந்தது. இரண்டு பக்கச் சுவரும் நனைந்து உள்ளே ஓதம் இறங்கியிருந்தது. அத்தை கட்டிலை நடுவே இழுத்துப் போட்டிருந்தார்.

"வா பாப்பா" என்றார். அதே குரல். நான் கடிதத்தை நீட்டி, கையெழுத்துப் போடுங்கத்தை, வீடு கிடைக்கும் என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். இரண்டாவது வரியில் நின்றார்.

"அவரு எங்க அவசரப்பட்டாரு? தேத்தண்ணிய ஆறவச்சுக் குடிச்சிட்டு, கோப்பய நானே கழுவி வைக்கவான்னு கேட்ட மனுசன்."

நான் கடிதத்தைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன்.

"நான் வேணாம்னு சொன்ன பெறகு அவரு ஒங்கிட்ட என்னமோ சொன்னாரே பாப்பா, ஞாபகம் இருக்கா? ஆயெத் அஹன்னன்னாரு. இன்னொருக்கா கேளுன்னு. நாப்பது வருசம் பெரட்டுக்குப் போனவ நான். அவ்வளவு சிங்களம் எனக்கும் தெரியும்."

ஆமாம், அவர் அப்படித்தான் சொன்னார். வற்புறுத்தக் கூடாது என்ற அதே மனுசர், அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு, இந்த அம்மா கூச்சத்தில் சொல்கிறார் போலிருக்கிறது, இன்னொரு தடவை கேளுங்கள் என்றார். நான் கேட்கவில்லை. கேட்டாயிற்று, உறுதியாக வேண்டாம் என்கிறார் என்று சிங்களத்தில் சொன்னேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே திரும்பச் சொல்லிக்கொண்டதில்லை.

"அத்தை, அன்னைக்கே நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"என்னான்னு? என்னய இன்னொருக்கா கேளுன்னா?" அத்தை கண்ணாடியைக் கழற்றினார். "கேக்கச் சொல்லிக் கேட்டு வாங்குனா நல்லாவா இருக்கும்?"

எதற்காக அப்படிச் செய்தாய் என்று கேட்பார் என்று நினைத்தேன். அக்காவைப் பற்றி, அனுமதி அட்டையைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டிவிடத் தயாராக இருந்தேன். அவர் கேட்கவில்லை. கடிதத்தை நாலாக மடித்து என் கையில் வைத்தார்.

"அந்த மனுசன் மேல பழி போடாத. உள்ளத எழுதிட்டு வா, நான் கையெழுத்துப் போடுறேன்."

அவ்வளவுதான். கோபம் இல்லை, அழுகை இல்லை. வீடு வேண்டும் என்று அவர் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னது அதுதான். சரியத்தை, நாளைக்கு எழுதிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

உள்ளதை எழுதுவது என்றால், அதிகாரி கேட்கச் சொல்லியும் மொழிபெயர்ப்பாளர் கேட்கவில்லை, பொய் சொன்னார் என்று எழுத வேண்டும். அந்தக் கடிதம் நான் வேலைக்கு விண்ணப்பித்திருந்த அதே கந்தோருக்கு, என் பெயரோடு போக வேண்டும். கடையில் உட்கார்ந்து இரண்டு வரி அடிப்பேன், அழிப்பேன். ஆட்கள் வருவார்கள், அவர்களுடைய சத்தியக் கடதாசிகளை அடித்துக் கொடுப்பேன். மாத முடிவு வந்தது, போனது. மிச்சமிருந்த இரண்டு வீடும் யார் யாருக்கோ போயின. அந்த வேலையும் எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த ஐப்பசி மழையில் ஆறாம் காம்பராவின் பின்சுவர் சரிந்தது. அத்தை அப்போது மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். மகன் வந்து அவரைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே ஒரு வாடகை அறையில் அவனோடும் மருமகளோடும் இருந்தாராம். இரண்டாவது வருஷம் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனார் என்று அக்காதான் போனில் சொன்னாள்.

அவர் இங்கிருந்து போன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பஸ் தரிப்பிடத்தில், என் கடைக்கு நேர் எதிரே, ஒரு பையோடும் ஒரு வாளியோடும் அரைமணி நேரத்துக்குமேல் நின்றார். நான் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கையைத் தூக்கி, போயிட்டு வரேன் என்பதுபோல ஆட்டினார். ரோட்டைக் கடந்து நாலு எட்டு வைத்தால் கடை. வந்து அந்த வாசற்படியில் உட்கார்ந்திருக்கலாம். எழுதிட்டியா பாப்பா என்று கேட்டிருக்கலாம். ஹட்டன் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

அவர் வந்து ஒரு வார்த்தை அழுத்திக் கேட்டிருந்தால் எழுதியிருப்பேன் என்றுதான் இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.